ஃபோர்மட் கேட்கும் வன்தட்டில் இருந்து கோப்புகளை மீட்பது பற்றி

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதியிருக்கும் அன்பர் கேட்டிருப்பது, மேலோட்டமாகப் பார்த்தால், இழந்த கோப்புகளை மீட்க எந்த மென்பொருள் சிறந்தது என்ற ஒரு கேள்விதான். ஆனால் அவர் தந்திருக்கும் விபரங்களைச் சேர்த்துப் பார்த்தால், அவர் அறிய விரும்புவது வேறு இரண்டு விடயங்கள் என்று விளங்குகிறது. தம்முடைய வன்தட்டே பழுதாகிவிட்டதா, அல்லது அதிலுள்ள பதிவுகள் மட்டும் குழம்பிக் கிடக்கின்றனவா என்பது ஒன்று. இரண்டு கடைகளில் சொன்ன இரண்டு வழிகளில் எதை நம்புவது என்பது மற்றையது. மென்பொருளின் பெயர் இவ்விரண்டுக்கும் பிறகு வர வேண்டிய விடயம்.

அவருடைய நிலைமை இதுதான். 1 டெராபைட் கொள்ளளவுள்ள கையடக்க வெளி வன்தட்டு ஒன்றில், ஊரில் அரங்கேறிய வடமோடிக் கூத்துகளின் ஒளிப்பதிவுகளும், கண்ணகி அம்மன் கோயில் திருக்குளிர்த்திப் படங்களும், காலமான அண்ணாவியார் (கூத்துப் பழக்கும் ஆசான்) ஒருவரின் கூத்துக் கொப்பிகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த கோப்புகளும் இருந்தன. மேசைக் கணினியில் இருந்து அதற்குள் மேலும் சில கோப்புகளைப் பிரதிசெய்துகொண்டிருந்த வேளையில் மின்சாரம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து, அதைச் செருகினால் பயன்படுத்துமுன் ஃபோர்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்கிறது. ஒரேயொரு தடவை கோப்புறைகள் திறந்திருக்கின்றன. அப்போது ஒளிப்பதிவொன்றை வெளியே எடுக்க முயன்றபோது பாதியில் நின்று, சுழற்சி மிகைமைச் சோதனையில் (சிஆர்சி) தரவுப் பிழை என்ற செய்தி வந்திருக்கிறது. ஒரு கடையில் விண்டோஸின் செக்டிஸ்க் என்ற திருத்தும் நிரலை ஓட்டினால் சரிவரும் என்றார்கள். இன்னொரு கடையில், ஃபோர்மட் செய்துவிட்டுப் பிறகு மீட்பு மென்பொருளால் எடுக்கலாம் என்றார்கள். வன்தட்டில் இருந்து 'டக் டக்' என்ற சத்தம் வரவில்லை என்றும் அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

மட்டக்களப்பு, கல்முனைப் பகுதிகளில் கணினி திருத்துவதும் தரவு மீட்பதும் என்னுடைய பல ஆண்டுத் தொழில். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது: அந்த இரண்டு ஆலோசனைகளையும் இப்போதைக்கு ஏற்க வேண்டாம், வன்தட்டைக் கழற்றி, அசையாத ஓரிடத்தில் வையுங்கள். திறக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் செருகிப் பார்க்கும் ஆவல் எல்லோருக்கும் வரும். ஆனால் பழுதுபட்ட வன்தட்டில் இருந்து தரவை எடுக்கக் கிடைக்கும் மிக நல்ல வாய்ப்பு எப்போதும் முதலாவது வாய்ப்புத்தான். அடுத்தடுத்த முயற்சிகளில் நிலைமை அப்படியே இருக்கலாம், அல்லது மோசமாகலாம், தானாகத் தேறுவதில்லை.

வன்தட்டில் நேரும் கோளாறுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, கோப்புகளின் இருப்பிடத்தைக் குறித்துவைக்கும் பதிவேடு குழம்புவது. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறைமையில் இந்தப் பதிவேட்டுக்கு எம்எஃப்டி என்று பெயர். ஒவ்வொரு கோப்புக்கும் அதில் வழக்கமாக 1024 பைட்டுகளைக் கொண்ட ஒரு பதிவு இருக்கும். கோப்பின் பெயர், திகதி, அதன் துண்டுகள் தட்டில் எங்கெங்கே கிடக்கின்றன என்ற விபரம் ஆகியன அதிலே எழுதப்பட்டிருக்கும். காணிக் கந்தோரில் பதிவேடு கிழிந்துபோனாலும் வயல் கிடந்த இடத்திலேயே கிடப்பதுபோல, எம்எஃப்டியோ, பகிர்வின் (வன்தட்டில் கோப்புகளுக்கென வகுத்த பகுதியின்) தொடக்கப் பிரிவோ சிதைந்தாலும் கோப்புகளின் உள்ளடக்கம் தட்டில் அப்படியே இருக்கும். இந்த வகைக் கோளாறில் மீட்பு பெரும்பாலும் நல்லபடி முடியும். மற்றையது, வன்தட்டு என்ற பொருளே பழுதாவது. உள்ளே பெரும்பாலான கையடக்க வன்தட்டுகளில் நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் தட்டுகளின் மேல், சில நனோமீற்றர் இடைவெளியில், வாசிப்புத் தலைகள் மிதந்து செல்கின்றன. தலை பலவீனமாவது, தட்டின் மேற்பரப்பில் சில இடங்கள் வாசிக்க முடியாமற்போவது, தட்டிலேயே மறைவாக எழுதப்பட்டிருக்கும் உள் நிரல் கெடுவது, மின்சுற்றுப் பலகை எரிவது என்று இதற்குள் பல உண்டு. இவற்றுக்கு விண்டோஸில் ஓடும் எந்த மீட்பு மென்பொருளும் மருந்தாகாது. அது வாசித்துக் கொடுக்கும்படி வன்தட்டைக் கேட்கத்தான் முடியும். வாசிக்கும் உறுப்பே நலிந்திருந்தால் அந்தக் கேள்வியே அதற்குச் சுமையாகிவிடும்.

இனி உங்கள் வன்தட்டு இவற்றில் எந்த வகை என்பது. ஃபோர்மட் கேட்கும் செய்தி மட்டும் வந்திருந்தால், பதிவேடு குழம்பியிருக்கிறது என்று ஓரளவு துணிந்து சொல்லியிருப்பேன். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அது நேர்வது வழக்கம். ஆனால் அந்தச் சிஆர்சி பிழை வேறொன்றைக் காட்டுகிறது. வன்தட்டு தன்னுடைய ஒரு பகுதியை வாசிக்க முயன்று, தோற்று, அதை விண்டோஸுக்கு அறிவித்திருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். ஆகவே வாசிக்க முடியாத பகுதிகள் சிலவேனும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அவை எதனால் வந்தன என்பதில்தான் ஐயம். மின்சாரம் நின்ற கணத்தில் ஒரு பிரிவு (தட்டில் தரவு எழுதப்படும் சிறு கூறு) அரைகுறையாக எழுதப்பட்டிருந்தால், அதிலுள்ள தரவும் அதன் பிழைதிருத்தக் குறியீடும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும்; தட்டு நலமாக இருந்தாலும் அந்த இடம் வாசிக்க முடியாததாகவே தெரியும். அப்படியானால் கவலைப்பட அதிகம் இல்லை. அல்லது, தலையோ மேற்பரப்போ முன்பே நலிந்து வந்து, மின்வெட்டு அதை வெளிக்காட்டியிருக்கலாம். மின்வெட்டினால் தலை தட்டிலே விழுந்து கீறியிருக்குமோ என்று பலர் அஞ்சுவார்கள். சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் மிச்சச் சுழற்சியில் இருந்து மின்னைப் பெற்று, தலையைத் தானாகவே ஒதுக்கிடத்துக்கு இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு இக்கால வன்தட்டுகளில் உண்டு. ஆகையால் மின்வெட்டு மட்டும் காரணமாகத் தட்டு கீறப்படுவது அரிது. ஓடிக்கொண்டிருக்கையில் மேசையில் இருந்து விழுந்ததா, மேசையோடு சேர்த்து இடிக்கப்பட்டதா என்பதை வீட்டிலுள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அது மின்வெட்டைவிடப் பெரிய விடயம்.

இதைத் தீர்மானிக்க ஒரேயொரு தடவை, சில நிமிடங்களுக்கு மட்டும், வன்தட்டைச் செருகிப் பார்க்கலாம். முன்பக்க யூஎஸ்பி துளையிலோ நீட்டுக் கம்பியிலோ செருகாமல், வேறொரு நல்ல கேபிளைக் கொண்டு நேரடியாகச் செருகுங்கள். நமது கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். கேபிள் முனைகள் துருவேறிப் போவதால் வரும் கோளாறை வன்தட்டின் கோளாறென்று எண்ணி வருவோர் இங்கே நிறைய. ஃபோர்மட் கேட்டால் வேண்டாம் என்று மூடிவிடுங்கள். பிறகு டிஸ்க் மனேஜ்மென்ட் என்ற பகுதியைத் திறந்து, அந்த வன்தட்டு எத்தனை ஜிகாபைட் என்று காட்டப்படுகிறது எனப் பாருங்கள். 1 டெராபைட் வன்தட்டை விண்டோஸ் 931 ஜிகாபைட் என்றே காட்டும். அந்த எண் சரியாகத் தெரிந்தால், வன்தட்டு தன்னைத் தானே அடையாளம் காட்டுகிறது என்று பொருள், நல்ல அறிகுறி. கொள்ளளவே தெரியாமல், ஆரம்பிக்கப்படாத தட்டு என்று வந்தால் உள் நிரலோ தலையோ பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. அங்கே 'ஆரம்பி' என்ற பொத்தானை அழுத்தாமல் உடனே கழற்றிவிடுங்கள்.

அடுத்து, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலில், வன்தட்டு தன் நலத்தைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைப் பாருங்கள். அதில் வரும் நீண்ட பட்டியலில் உங்களுக்கு வேண்டியவை நான்கு வரிகள்தாம். 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பிரிவுகளின் எண்ணிக்கை. சி5 என்ற வரி, வாசிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பிரிவுகளின் எண்ணிக்கை. சி6 திருத்த முடியாதவை. சி7 உயர்ந்திருந்தால் வன்தட்டுக்கும் அதன் இணைப்புக்கும் இடையிலான தொடர்பில் கோளாறு இருந்திருக்கிறது. இந்த எண்கள் வழமையாகப் பதினாறின் அடியில் காட்டப்படும் என்பதைக் கவனியுங்கள். 10 என்று தெரிந்தால் அது பதினாறு. 05 பூச்சியமாகவும் சி5 சிறிய எண்ணாகவும் இருந்தால், மின்வெட்டால் வந்த அரைகுறை எழுத்து என்ற முதலாவது விளக்கத்துக்கு வலு கூடும். நூற்றுக்கணக்கில் இருந்தாலோ, அந்தச் சில நிமிடங்களுக்குள் கண் முன்னே ஏறினாலோ, வன்தட்டு நலிந்துகொண்டிருக்கிறது. மேலே நிறம் காட்டி 'நலம்' என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். தலை சாகும் தறுவாயிலும் அந்தச் சொல் மாறாமல் நின்ற வன்தட்டுகளைக் கண்டிருக்கிறேன். சில வெளி வன்தட்டுகளின் யூஎஸ்பி சில்லு இந்தப் பதிவுகளை வெளியே விடுவதுமில்லை.

செக்டிஸ்க் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். அந்த நிரல் கெட்டதென்று நான் சொல்லவில்லை; அதன் வேலை வேறு. கோப்பு முறைமையை மறுபடி முரண்பாடில்லாத நிலைக்குக் கொண்டுவருவதே அதன் நோக்கம். உங்கள் கூத்து ஒளிப்பதிவைக் காப்பாற்றுவது அதன் நோக்கமன்று. ஒரு கோப்பின் பதிவு குழம்பியிருந்தால், அந்தப் பதிவை நீக்கிவிட்டால் முரண்பாடு தீர்ந்தது என்று அது முடிவெடுக்கலாம். கோப்புறைகளின் பிணைப்பை அறுத்து, உள்ளே இருந்தவற்றை 'ஃபவுண்ட்' என்ற கோப்புறைக்குள் பெயரற்ற துண்டுகளாகக் குவித்துவிடலாம். இவை எல்லாம் அந்த வன்தட்டின் மீதே எழுதப்படுகின்றன. செய்ததைத் திரும்பப் பெற வழியில்லை. அத்தோடு, கெட்ட பிரிவுகளைத் தேடும் தெரிவோடு அதை ஓட்டினால் முழுத் தட்டையும் மூலைமுடுக்கு விடாமல் வாசிக்க வைக்கும். நலிந்த தலைக்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடலாம்.

ஃபோர்மட் செய்துவிட்டு மீட்கலாம் என்ற ஆலோசனையில் பாதி உண்மை இருப்பதனால்தான் அது இவ்வளவு பரவியிருக்கிறது. விரைவு ஃபோர்மட் செய்தால் புதிய வெற்றுப் பதிவேடு ஒன்று எழுதப்படும். பழைய பதிவேட்டின் தொடக்கப் பகுதி அதனடியில் அழியலாம், மிகுதி பெரும்பாலும் தப்பும். ஆனால் அந்த 'விரைவு' என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபோர்மட் செய்தால், விண்டோஸ் விஸ்டா வந்த காலத்தில் இருந்து, தட்டு முழுவதும் பூச்சியங்களால் நிரப்பப்படுகிறது. அதன் மேல் எந்தத் தரவு மீட்பு ஆய்வுகூடமும் எதையும் எடுக்க முடியாது. இன்னும் ஒன்று: இப்போது விற்பனையாகும் கையடக்க வன்தட்டுகள் பலவற்றில் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஓடு வேய்ந்தாற்போல் எழுதப்படுகின்றன. அவற்றுட் சில, ஃபோர்மட் செய்தவுடன் பழைய இடங்களை வெறுமையென்று குறித்துக்கொண்டு, கேட்டால் பூச்சியங்களையே திருப்பிக் கொடுக்கும். எனவே விரைவு ஃபோர்மட்டும் ஆபத்தற்றது என்று எவராலும் உறுதி கூற முடியாது. மீட்பு மென்பொருளுக்கு ஃபோர்மட் தேவையுமில்லை. ஃபோர்மட் செய்யாத நிலையில்தான் அது கூடுதலாகக் கண்டுபிடிக்கும்.

சரியான முதல் வேலை, வன்தட்டை முழுமையாக ஒரு முறை வாசித்து, பிரிவுக்குப் பிரிவு அப்படியே இன்னொரு நல்ல வன்தட்டில் படிவமாக எடுத்துக்கொள்வது. அதன் பிறகு எந்தச் சோதனையையும் அந்தப் படிவத்திலேயே செய்ய வேண்டும். மூலத்தை மறுபடி தொடக் கூடாது. இதற்கு நான் பயன்படுத்துவது லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் டிடிரெஸ்கியூ என்ற இலவச நிரல். இதன் சிறப்பு அது வேலை செய்யும் வரிசையில் இருக்கிறது. முதல் ஓட்டத்தில் எளிதாக வாசிக்கக்கூடிய இடங்களை விரைவாக வாரிக்கொண்டு, சிரமம் கொடுக்கும் இடத்தைக் கண்டால் அதைத் தாண்டிப் போய்விடும். நல்லதெல்லாம் கைக்கு வந்த பிறகே விட்டுவைத்த இடங்களுக்குத் திரும்பி, ஓரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். சாதாரணமாக ஒட்டிப் பிரதிசெய்தால் நேர்வது இதற்கு நேர்மாறானது: முதலாவது கெட்ட இடத்திலேயே மணிக்கணக்காக முட்டி மோதி, அந்த முட்டலிலேயே வன்தட்டு செத்துப்போகும். எங்கே நின்றோம் என்பதை டிடிரெஸ்கியூ ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைப்பதால், இடையில் மின்சாரம் போனாலும் நின்ற இடத்தில் இருந்து தொடரலாம்.

இதை நீங்களே செய்வதென்றால் சில விடயங்களில் மிகுந்த கவனம் வேண்டும். சிஸ்டம்ரெஸ்கியூ போன்ற, பென் டிரைவில் இருந்து ஓடும் லினக்ஸைப் பயன்படுத்துங்கள். செருகிய வன்தட்டைத் தானாகத் திறந்து எழுத முற்படும் பழக்கம் அதற்கு இல்லை. படிவத்தை வைக்க 2 டெராபைட் வன்தட்டு ஒன்று எடுத்துக்கொள்வது வசதி. அது ஃபட்32 முறையில் இருந்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. ஆகவே என்டிஎஃப்எஸ் அல்லது லினக்ஸின் சொந்த முறைமையில் இருக்கட்டும். வரைபடக் கோப்பைப் பென் டிரைவ் லினக்ஸின் உள்ளே சேமித்தால் கணினி நின்றவுடன் மறைந்துவிடும். படிவம் இருக்கும் அதே வன்தட்டில் வையுங்கள். மூலம் எது, இலக்கு எது என்பதைக் கொள்ளளவை மட்டும் பார்த்து முடிவுசெய்யாமல், வன்தட்டின் மேல் ஒட்டியிருக்கும் தொடரிலக்கத்தை ஒரு தாளில் எழுதிவைத்துத் திரையில் வருவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் இடம் மாறினால் வெற்று வன்தட்டு உங்கள் கூத்துகளின் மேல் பிரதியாகிவிடும். முதல் ஓட்டத்தில் சுரண்டும் கட்டத்தைத் தவிர்க்கும் தெரிவைக் கொடுங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு மதிப்பீடு தருகிறேன். வன்தட்டு நலமாக இருந்து விநாடிக்கு 100 மெகாபைட் வீதம் வந்தால், 1 டெராபைட் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பழைய யூஎஸ்பி 2 துளையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நலிந்த வன்தட்டு விநாடிக்கு 1 மெகாபைட் என்று தவழ்ந்தால் பதினொரு நாட்களுக்கு மேல். எனவே மேசைக் கணினியில் யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். பட்டரி நல்ல நிலையில் உள்ள மடிக்கணினி இதற்குப் பொருத்தம், ஏனெனில் கையடக்க வன்தட்டு யூஎஸ்பியில் இருந்தே மின்னைப் பெறுகிறது. வீட்டில் மின்சாரம் நின்றாலும் அதற்குத் தெரியாது. அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். வன்தட்டைத் தொட்டால் கை பொறுக்க முடியாத சூடு இருந்தால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடருங்கள். ஓடும்போது வரைபடத்தையும் கவனியுங்கள். கெட்ட இடங்கள் ஆங்காங்கே சிதறியிருந்தால் அது மேற்பரப்புக் கோளாறு, பெரும்பகுதி தப்பும். நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் ஒழுங்கான இடைவெளியில் மாறிமாறி வந்தால், தலைகளுள் ஒன்று செயலிழந்திருக்கிறது. அந்த நிலையில் உடனே நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் அந்தத் தலைக்குரிய தட்டுப் பக்கத்தை இனி வீட்டில் வாசிக்க முடியாது.

படிவம் கைக்கு வந்துவிட்டால் நீங்கள் கேட்ட மென்பொருள் விடயத்துக்கு இப்போது இடம் உண்டு. என்டிஎஃப்எஸ் பகிர்வின் தொடக்கப் பிரிவு மட்டும் சிதைந்திருந்தால், அதன் நகல் ஒன்று பகிர்வின் இறுதியில் இருக்கும்; டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச நிரல் அதைக் கொண்டு, படிவத்தின் இன்னொரு பிரதியில், கோப்புறைகளை முன்பிருந்த ஒழுங்கிலேயே திறந்து காட்டும். எம்எஃப்டியே இடையிடையே குழம்பியிருந்தால், டிஎம்டிஇ அல்லது ஆர்-ஸ்டூடியோ போன்றவை தப்பிய பதிவுகளைப் பொறுக்கிச் சேர்த்து, பெயர்களோடும் கோப்புறைகளோடும் மீட்கும். இரண்டும் கட்டணம் செலுத்துமுன்பே எவை கிடைக்கும் என்ற பட்டியலைக் காட்டுகின்றன. பட்டியலைப் பார்த்த பிறகு வாங்கலாம். இவை எதற்கும் அகப்படாதவற்றுக்குக் கடைசி வழி ஃபோட்டோரெக். அது பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வகைக் கோப்பும் எந்தக் குறியோடு தொடங்கும் என்பதை வைத்து உள்ளடக்கத்தைத் தேடி எடுக்கும். ஸ்கேன் செய்த கொப்பிப் பக்கங்கள் போன்ற சிறிய படக் கோப்புகள் பெரும்பாலும் இப்படியும் முழுமையாகக் கிடைக்கும். ஆனால் பெயரும் கோப்புறையும் போய்விடும். எந்தப் பக்கம் எந்தக் கூத்துக்குரியது என்பதை அண்ணாவியாரின் கையெழுத்தையும் பாட்டின் தொடர்ச்சியையும் அறிந்த ஒருவர் இருந்துதான் மறுபடி அடுக்க வேண்டியிருக்கும்.

ஒளிப்பதிவுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவிரவாக ஆடும் கூத்தின் பதிவு பல ஜிகாபைட் அளவில் இருக்கும். இவ்வளவு பெரிய கோப்பு தட்டில் ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இருக்காமல் துண்டுகளாகப் பிரிந்து கிடக்க வாய்ப்பு அதிகம். பதிவேடு தப்பியிருந்தால் அது பிரச்சினையன்று. ஃபோட்டோரெக்கை நம்பவேண்டிய நிலை வந்தால் பிரச்சினைதான். எம்பி4 வகையில், எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற சுட்டி ஒன்று பெரும்பாலும் கோப்பின் இறுதியில் எழுதப்படும்; அது கிடைக்காவிட்டால் மிகுதி முழுவதும் இருந்தும் ஓடாது. அதே கெமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பொன்று இருந்தால், அதை மாதிரியாகக் காட்டி அன்ட்ரங்க் என்ற நிரலால் சுட்டியை மறுபடி உருவாக்க முயலலாம். சில வேளைகளில் முழுமையாகச் சரிவரும், சில வேளைகளில் ஒலி ஒரு பக்கம் காட்சி ஒரு பக்கமாகப் போகும். பழைய கெமராக்கள் எடுத்த எம்டிஎஸ் வகைக் கோப்புகள் இவ்விடயத்தில் உறுதியானவை. அவை சிறுசிறு பொதிகளாக எழுதப்படுவதால், நடுவில் ஒரு பகுதி அழிந்தாலும் முன்னும் பின்னும் ஓடும். கூத்துக் களரியில் ஒரு சில விநாடிகள் சதுரம் சதுரமாகக் கலங்கித் தெரிந்து, பிறகு மத்தளச் சத்தத்தோடு தெளிந்துவிடும்.

இதற்கிடையில், வன்தட்டைத் தொடாமலே செய்யக்கூடிய ஒரு வேலையை இன்றே தொடங்குங்கள். அந்த ஒளிப்பதிவுகளை எடுத்த ஸ்டூடியோக்காரரிடமும் இளைஞர்களிடமும் நினைவட்டைகள் இருக்கும். அட்டையில் அழித்திருந்தாலும், அதன் மேல் புதிதாக ஒன்றும் எழுதாதிருந்தால் மீட்கக்கூடும். ஆகவே அவற்றை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று உடனே சொல்லிவையுங்கள். சுவிஸிலோ கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினருக்கு அந்த அரங்கேற்றத்தை டிவிடியாக அனுப்பியிருந்தால் அதைத் தேடச் சொல்லுங்கள். நீங்கள் பிரதிசெய்துகொண்டிருந்த மேசைக் கணினியிலும் மூலக் கோப்புகள் இருக்கக்கூடும்; வெட்டி ஒட்டியிருந்தாலும், இடமாற்றம் முடிவடையாத கோப்பின் மூலம் அகற்றப்பட்டிருக்காது. அந்தக் கணினியில் புதிதாக எதையும் நிறுவாமல் நிறுத்திவையுங்கள். கொப்பிகள் அண்ணாவியாரின் வீட்டில் இன்னும் இருந்தால், அவற்றை மறுபடி ஸ்கேன் செய்வது எந்த மீட்பைவிடவும் உறுதியான வழி.

எப்போது நிறுத்திவிட்டு ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றால்: தட்டும் சத்தமோ உரசும் சத்தமோ கேட்டால், கொள்ளளவு தெரியாவிட்டால், சுழலாமல் முனகினால், அல்லது மேலே சொன்ன ஒழுங்கான இடைவெளிப் பழுது தெரிந்தால். தலை மாற்றுவதற்கு அதே மாதிரி வன்தட்டின் தலையும், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரோமீற்றரோ அதற்கு மேலோ உள்ள துகள்கள் நூறுக்கு மேற்படாத தூய காற்றும் வேண்டும். மின்விசிறியின் கீழ் மேசையில் மூடியைத் திறப்பவரிடம் கொடுக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் ஓடும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நமது ஈரக் காற்றில் குளிர்ந்த வன்தட்டை வெளியே எடுத்தால் தட்டின் மேல் நீர் படியும். அதன் மேல் தலை ஓடினால் கதை முடிந்தது. மின்சுற்றுப் பலகையை இன்னொன்றில் இருந்து மாற்றிப் பூட்டினால் போதும் என்பதும் இன்றைய வன்தட்டுகளுக்குப் பொருந்தாது. ஒவ்வொன்றுக்குமுரிய அளவுத்திருத்தங்கள் பலகையிலுள்ள சில்லில் எழுதப்பட்டிருப்பதால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். சில கையடக்க வன்தட்டுகளில் கடவுச்சொல் இடாவிட்டாலும் பலகையிலுள்ள சில்லே தரவை மறைகுறியாக்கித்தான் எழுதுகிறது. அந்தப் பலகையை எறிந்துவிட்டால் தரவும் போய்விடும். மாரியில் வெள்ளம் புகுந்த வீடுகளில் இருந்து வன்தட்டு கொண்டுவருவோருக்கும் சொல்கிறேன்: வெயிலில் காயவைக்காமல், மின் கொடுக்காமல், ஈரத்தோடு பொலித்தீன் பையில் மூடிக் கொடுங்கள். காய்ந்த சேறும் உப்பும் தட்டில் ஒட்டிக்கொள்வதுதான் ஈரத்தைவிடக் கெடுதி.

கொழும்பிலுள்ள ஆய்வுகூடத்துக்குக் கொடுப்பதென்றால், நுரைப்பஞ்சில் சுற்றி மடியில் வைத்து யாரேனும் கையோடு கொண்டுபோவது நல்லது. இரவுப் பேருந்தின் பொதிப்பெட்டியில் போட வேண்டாம். கொடுக்குமிடத்தில் சில கேள்விகளைக் கேளுங்கள். முதலில் படிவம் எடுப்பீர்களா, பரிசோதனைக்குக் கட்டணம் உண்டா, திறக்குமுன் எனக்கு அறிவிப்பீர்களா, பணம் கொடுக்குமுன் மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டுவீர்களா, எடுக்க முடியாவிட்டால் என்ன கட்டணம், மீட்ட பிறகு உங்களிடமுள்ள பிரதியை எப்போது அழிப்பீர்கள்? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்பவரிடம் கொடுங்கள். குடும்பப் படங்கள் இருக்கும் வன்தட்டென்றால் கடைசிக் கேள்வி மற்றவை எல்லாவற்றையும்விட முக்கியம், உள்ளூர்க் கடைக்கும் அது பொருந்தும். கட்டணத்தைத் தீர்மானிப்பது எத்தனை கோப்புகள் என்பதன்று. மூடி திறக்க வேண்டுமா இல்லையா என்பதுதான். திறக்காமல் முடியும் வேலைக்கும் தலை மாற்றும் வேலைக்கும் இடையில் பன்மடங்கு வித்தியாசம் உண்டு.

இவை அனைத்தும் சுழலும் தட்டுள்ள வன்தட்டுக்கே உரியவை. மடிக்கணினிகளில் இப்போது வரும், சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டியில் கோப்பை அழித்தால், விண்டோஸ் 7 காலத்தில் இருந்து, அந்த இடத்தைத் துப்புரவாக்கும்படி உடனே கட்டளை போய்விடுகிறது. அழித்தவற்றை அங்கே மீட்பது பெரும்பாலும் கைகூடாது. பிட்லொக்கர் என்ற விண்டோஸின் மறைகுறியாக்கம் இயங்கும் கணினியானால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் படிவம் எடுத்தும் பயனில்லை.

உங்கள் விடயத்தில், சத்தம் இல்லை, ஒரு தடவை கோப்புறைகள் திறந்தன என்ற இரண்டும் நல்ல அறிகுறிகள். கொள்ளளவு 931 என்று தெரிந்து, சி5 சிறிய எண்ணாக இருந்தால், பெரும்பகுதி பெயர்களோடு கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறேன். மின்சாரம் போன கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு மட்டும் குறைபாடோடு இருக்கலாம். தலை நலிந்திருக்கிறதா என்பதை எழுத்தில் உள்ள விபரத்தை வைத்து எவராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆகவே அந்த ஒரு தடவைச் சோதனையைச் செய்த பின், டிஸ்க் மனேஜ்மென்ட் காட்டிய கொள்ளளவு, 05, சி5, சி6, சி7 ஆகிய நான்கு வரிகளின் எண்கள், வன்தட்டின் மேலுள்ள மாதிரி இலக்கம், அது விழுந்ததா இல்லையா என்ற விபரம் ஆகியவற்றை எழுதுங்கள். வீட்டில் படிவம் எடுக்கலாமா, கொழும்புக்கு அனுப்புவதா என்பதை அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.